எல் போர்டு போட்ட போர் வண்டி

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில் என் கடை. நம்பர் பிளேட் எழுதுவேன், ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுவேன், பிளக்ஸ் அடித்துக் கொடுப்பேன். பக்கத்துத் தகரக் கொட்டகையில் என் வீட்டுக்காரர் டூ வீலர் மெக்கானிக். சாமி பெயர், பிள்ளைகள் பெயர், காதலியின் முதலெழுத்து, கட்சிக் கொடி என்று யார் எதைக் கேட்டாலும் வண்டியில் ஒட்டிக் கொடுத்துத்தான் எங்கள் அடுப்பு எரிகிறது. போலீஸ் வேலையில் இல்லாதவருக்கு ‘போலீஸ்’ என்று மட்டும் ஒட்ட மாட்டேன். அதற்காகச் சத்தம் போட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. போனால் போகட்டும் என்று விட்டுவிடுவேன்.

அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் எங்களுக்குக் கிடைத்தது ஒரு லாரி முதலாளியிடமிருந்து. அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற லாரிகள் வைத்திருக்கும் குடும்பம். அவர்களுடைய லாரிகளுக்கு நான்தான் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு புது லாரிக்கு அளவெடுக்க நானும் வீட்டுக்காரரும் அவருடைய ஷெட்டுக்குப் போயிருந்தபோது, தேய்ந்த டயர்களுக்குப் பின்னால் அது சாய்ந்து கிடந்தது. முன்பக்கம் ஷாக் அப்சார்பருக்குப் பதில் ஒரே ஒரு பெரிய ஸ்பிரிங். டேங்க் மேல் கறுப்புப் பெயிண்ட் பொருக்குப் பொருக்காக உரிந்திருந்தது. என் வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தவர், நான் அளவெடுத்து முடித்தும் எழுந்திருக்கவில்லை.

“மிலிட்டரி வண்டி,” என்றார் முதலாளி. “பர்மா சண்டையில எங்க தாத்தா ஒரு வெள்ளைக்கார ஆபீசர் உசுரக் காப்பாத்துனாரு. அதுக்கு அவன் குடுத்த பரிசு. டேங்க்ல பாரு, குண்டு பட்ட எடம்.”

டேங்கின் இடது பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன். உடம்பு சிலிர்த்தது நிஜம்.

“இரும்புக் கடைக்குப் போடத்தான் வச்சிருக்கேன். வேணும்னா எடுத்துக்கங்க. ஓட வச்சிட்டா எங்க வூட்டு விசேஷத்துக்கு ஒரு தடவ கொண்டாந்து நிறுத்தணும், அவ்வளவுதான்.”

வீட்டுக்காரர் சரி என்று தலையாட்டினார். இரும்பு விலையைக் கொடுத்து, எழுதி வாங்கிக்கொண்டு, ‘குட்டி யானை’ மினி லாரியில் ஏற்றி வந்தோம்.

எஞ்சினை எப்படி உயிர்ப்பித்தார் என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். கிடைக்காத உதிரிகளைத் திருச்சியில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினார். மழைக்காலம் முழுக்க அவருக்கு அதே நினைப்பு. பெயிண்ட் வேலை என் பங்கு. அங்கேதான் எங்களைச் சுற்றி இருந்த எல்லோருக்கும் யோசனை வந்தது. டீக்கடைக்காரர் டேங்கில் வெள்ளை நட்சத்திரம் போடச் சொன்னார். படத்தில் பார்த்தாராம். வீட்டுக்காரரின் தம்பி மண்டை ஓடு கேட்டார். வாடிக்கையாளர் ஒருவர் பாயும் புலி போட்டால் வண்டி நிற்கிற இடத்தில் கூட்டம் சேரும் என்றார். எனக்கும் புலி பிடித்துத்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் ஒரு புலித்தலை வரைந்துகூட வைத்தேன். ஆனாலும் போரில் ஓடிய வண்டி என்றால் அதன் மேல் ஏற்கெனவே யாரோ ஏதோ எழுதியிருப்பார்கள் அல்லவா? நம்பர் இல்லாத வண்டியை எந்த ராணுவம் ஓட்டும்? முதலில் அதைக் கண்டுபிடிப்போம், புலி எங்கே போய்விடப் போகிறது என்று சொன்னேன்.

வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, ஒரு சின்னக் கட்டையில் சுற்றி, டேங்கை மெதுவாகத் தேய்க்க ஆரம்பித்தேன். வழக்கமாக ஒரு டேங்கைச் சுரண்ட எனக்கு அரைப் பொழுது போதும். இதில் ஒரு சாண் தேய்க்கவே ஒரு வாரம் போல ஆனது. ஒவ்வொரு நிறம் வரும்போதும் நிறுத்தி, துடைத்து, போனில் படம் எடுத்த பிறகுதான் அடுத்த தேய்ப்பு. கறுப்புக்கு அடியில் மங்கலான பழுப்புப் பச்சை வந்தது. அந்தப் பச்சையின் மேல் வெள்ளையில் ஓர் ஆங்கில எழுத்தும் அதற்குப் பின்னால் எண்களும் இருந்தன. கடைசி இரண்டு எண்கள் துருவில் போய்விட்டிருந்தன. கையால் எழுதியவை, அச்சுத் தகடு வைத்து அடித்தவை அல்ல. ‘2’ என்ற எண்ணின் வால் ஒவ்வொரு முறையும் கீழே இழுபட்டிருந்தது. எழுதியவர் அவசரக்காரர். நானும் நாள் முழுக்க எண் எழுதுகிறவள். அந்தக் கையை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

பழுப்புப் பச்சைக்கும் அடியில் இன்னொரு பச்சை, இதைவிடக் கறுத்தது. அதிலும் அதே எண், ஒரு விரல் அளவு கீழே தள்ளி. ஆக ராணுவத்தில் இருந்தபோதே இரண்டு முறை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். பின் மட்கார்டில் ஒரு சின்னச் சதுரம் கிடைத்தது. மேல் பாதி வெள்ளை, கீழ்ப் பாதி நீலம். அதற்குப் பக்கத்தில் தேய்த்தபோது வெள்ளையாக ஒரு கட்டம் எழுந்தது. அந்தக் கட்டத்துக்குள் சிவப்பாக ஏதோ தெரிந்தது. பட்டாளத்துச் சின்னம் எதுவோ வருகிறது என்று நினைத்தேன். தண்ணீர் ஊற்றித் துடைத்தேன்.

ஆங்கில எழுத்து ‘எல்’. ஒன்றும் இல்லை, வெறும் எல் போர்டு.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு எழுந்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு.

“பர்மாவுல எல் போர்டு போட்டுக்கிட்டா சண்ட போட்டானுவ?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏமாற்றமாக இருந்தது. முதலாளியின் தாத்தாவோ வேறு யாரோ பழகுவதற்காகப் போட்டிருப்பார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பெயிண்ட் ஒத்துக்கொள்ளவில்லை. கறுத்த பச்சையின் மேல் எல். எல்லின் மேல் பழுப்புப் பச்சை. இரண்டு பச்சைக்கும் அதே ராணுவ எண். நடுவில் சிக்கியிருக்கிற எல் மட்டும் எப்படி அரியலூரில் போட்டதாக இருக்கும்?

என்னிடம் ஸ்கூட்டருக்கு நம்பர் பிளேட் எழுதிக்கொண்ட ஒரு பட்டாளத்துக்காரர் வரதராஜன்பேட்டையில் இருந்தார். ஓய்வுபெற்றவர். படங்களை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனேன். அந்தச் சதுரத்தைப் பார்த்ததுமே, “சிக்னல்ஸ் கலர்மா. நான் இருந்த பிரிவு. அந்தக் காலத்துல சேதிய மோட்டார் சைக்கிள்லதான் கொண்டுபோயிக் குடுப்பாங்க,” என்றார். எல் போர்டை மட்டும் அவர் நம்பவில்லை. பின்னாளில் எவனோ செய்த வேலை என்றார். நான் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். போனைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் நகர்த்தி, நெடுநேரம் பார்த்தார்.

“அப்ப பயிற்சி வண்டி,” என்றார் கடைசியில். “பட்டாளத்துல சேர வந்த பசங்களுக்கு ஓட்டக் கத்துக்குடுத்த வண்டி. சண்டைக்கே போயிருக்காதுமா.”

இணையத்தில் பழைய ராணுவ மோட்டார் சைக்கிள் பைத்தியங்களுக்கென்று ஒரு குழு இருக்கிறது. போனிலேயே மொழிபெயர்த்து அங்கேயும் எழுதிக் கேட்டேன். இங்கிலாந்திலிருந்து ஒருவர் விடாமல் என்னைக் குடைந்தார். எந்தப் பச்சை மேலே, எது கீழே, எல்லின் உயரம் எவ்வளவு, போர் முடிந்த கையோடு போட்டதாக இருக்கலாமே என்றெல்லாம். அவர்கள் ஊரில் எல் போர்டு கட்டிய வண்டிகளில் சிப்பாய்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் ஒரு பழைய போட்டோவை அனுப்பினார். இந்தியாவிலும் இப்படித்தான் என்று தன்னால் சத்தியம் பண்ண முடியாது, உன் பெயிண்ட்தான் சாட்சி என்று எழுதினார். போர் நடந்துகொண்டிருந்தபோதா, முடிகிற நேரத்திலா என்று எனக்கும் தெரியாது. ராணுவத்தின் கையில் இருந்தபோது போட்டது என்பது மட்டும் தெரியும். அதுவரைக்கும்தான் நான் சொல்லலாம்.

இதற்குள் வீட்டுக்காரர் தன் பங்குக்கு வண்டியை விசாரித்து முடித்திருந்தார். “குண்டு பட்டா தகரம் கிழியும். இது கீழ வுழுந்து கல்லுல அமுங்குனது. பள்ளத்துக்குள்ள அடிப்பச்ச வெடிச்சிருக்குது, மேல் பச்ச வெடிக்கல பாரு, வுழுந்தப்பறம்தான் அத அடிச்சிருக்கானுவ. ஃபுட்ரெஸ்ட்டு எத்தன தடவ நிமுத்தியிருக்கானுவ! எல்லாம் எடது பக்கமே. வுழுந்துக்கிட்டே இருந்திருக்குது இது.”

அதைக் கேட்டபோதுதான் என் ஏமாற்றம் விலகியது. கல்யாணத்துக்குப் பிறகு ஏரிக்கரையில் மொபெட் பழகியவள் நான். பழகும்போது நானும் இடது பக்கமே விழுவேன். போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மாட்டு வண்டியையும் சைக்கிளையும் தவிர வேறெதிலும் ஏறாத எத்தனை பேர் இந்த வண்டியில் ஏறி, விழுந்து, அதட்டல் வாங்கி, கால் சிராய்ந்து, மறுபடி ஏறியிருப்பார்கள்! அவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்களோ. அவர்களுக்கென்று மிஞ்சியிருப்பது இந்த ஒரு சிவப்பு எழுத்து. இதை மறைத்து நான் புலி போடுவதா? கம்ப்யூட்டரில் இருந்த புலித்தலையை அழித்தேன்.

முதலாளி கடைக்கு வந்தது அந்தச் சமயம்தான். அரியலூரில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபத்துக்குத் திறப்பு விழா வைத்திருந்தார். வாசலில் வண்டியை நிறுத்த வேண்டும். பக்கத்தில் தாத்தா படம், பர்மா கதை எழுதிய பிளக்ஸ். வண்டியில் புலிச் சின்னம். எல்லாம் நானே செய்துகொடுக்க வேண்டும். நான் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துப் படங்களைக் காட்டினேன். அவர் முகம் போன போக்கு நன்றாக இல்லை.

“எங்க தாத்தா பொய் சொன்னாருங்கிறியா?”

“அவரு என்ன சொன்னாருன்னு எனக்குத் தெரியாது சார். வண்டி இதத்தான் சொல்லுது.”

“வண்டி சொல்லுதாமா வண்டி! ஒட்டுறது ஸ்டிக்கரு. காசு குடுத்தா எவன் படத்தையும் ஒட்டுவ. எங்க தாத்தாவுக்கு ஒரு புலி ஒட்ட மாட்டியா?”

“உங்க லாரியில ஒட்டச் சொல்லுங்க, இப்பவே ஒட்டுறேன். இது என் வண்டி.”

அவர் எழுந்துவிட்டார். கடை வாசலில் நின்று சந்துக்கே கேட்கிற மாதிரி சொன்னார். “உன் தாத்தா எங்க வூட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தவரு. அதெல்லாம் மறந்துபோச்சு, இல்ல?”

உண்மைதான். என் தாத்தா அவர்கள் நிலத்தில் பண்ணையாள், அந்த வீட்டுச் சொம்பைத் தொடக்கூடாது என்று கையில்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தவர். எங்கள் வீட்டில் யாரும் அதை மறைத்ததில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். நான் அவரைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். முதலாளியின் பக்கம் திரும்பினேன்.

“ஆமாங்க சார், தண்ணி காட்டுனாரு. பிளக்ஸ்ல அதையும் சேத்துப் போடட்டுங்களா? அது உண்மங்கிறதால ஓசியிலயே அடிச்சுத் தர்றேன்.”

யாரோ சிரித்தார்கள். அவர் காரில் ஏறிப் போனார். அன்றோடு லாரி வேலை போயிற்று.

மறுநாள் நான் பிரஷ்ஷை எடுத்தேன். ஸ்டிக்கர் வேண்டாம், கையாலேயே எழுதினேன். டேங்கின் அடியில், வெயில் படாத இடத்தில் மிஞ்சியிருந்த பச்சையைப் பார்த்துப் பார்த்து நிறம் கலந்தேன். எல் எந்தப் பச்சையின் மேல் இருந்ததோ அந்தக் கறுத்த பச்சை. ‘2’ ஒவ்வொன்றுக்கும் வாலைக் கீழே இழுத்துவிட்டேன். துருவில் போன இரண்டு எண்களின் இடத்தைக் காலியாக விட்டேன். வீட்டுக்காரர், “எதையாவது போட்டு நெரப்பிடு, யாருக்குத் தெரியப் போவுது?” என்றார். எனக்குத் தெரியுமே என்றேன். டேங்கின் பள்ளத்தைப் பட்டி வைத்து நிரவவில்லை. கடைசியாகப் பின் மட்கார்டில் வெள்ளைக் கட்டம் போட்டு, அதற்குள் சிவப்பு எல். நன்றாகக் கண்ணில் படும்படி, இருந்த அளவுக்கே.

திறப்பு விழாவுக்கு முன்பு ஒரு சொந்தக்காரர் போனில் படம் அனுப்பினார். அரியலூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெரிய பிளக்ஸ். நான் வாட்ஸ்அப்பில் வைத்திருந்த வண்டிப் படத்தையே எடுத்து, எல் எழுத்தை அழித்து, டேங்கில் ஒரு புலியை உட்கார வைத்திருந்தார்கள். மேலே தாத்தா. கீழே, ‘பர்மா போரில் வீரப் பரிசு’.

“கொண்டாந்து நிறுத்தறேன்னு தலையாட்டுனீங்கல்ல?” என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“ஆட்டுனேன்.”

“அப்ப கொண்டுபோயி நிறுத்திடுவோம்.”

விழா அன்று காலையில் நானே ஓட்டிப் போனேன். அவர் பின்னால் மொபெட்டில் வந்தார். அரியலூர் ரோடு முழுக்கக் கல் லாரிகள், முகமெல்லாம் வெள்ளைத் தூசி. ஊருக்குள் நுழையும் இடத்தில் ஒரு போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். பின்னால் போய் எல் போர்டைப் பார்த்தார், முன்னால் வந்து என்னைப் பார்த்தார்.

“லைசென்ஸ் இருக்குதாம்மா?”

“இருக்குதுங்க சார். எல் போர்டு எனக்கில்ல, வண்டிக்கு.”

அவருக்கு விளங்கவில்லை. லைசென்ஸை எடுத்துக் காட்டினேன். போகச் சொல்லிவிட்டார்.

மண்டப வாசலில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் அதே பிளக்ஸ். அதன் நேர் கீழே வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டேன். பின்பக்கம் கூட்டத்தைப் பார்த்திருந்தது. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, சாப்பாட்டுக்கு வந்தவர்கள் மேலே புலியையும் கீழே எல் எழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். பச்சைக்குள் பச்சை, நடுவில் எல், இது பழகுகிற சிப்பாய்கள் விழுந்து எழுந்த வண்டி. குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். “எடு இத. அசிங்கப்படுத்தவா வந்த?”

“விசேஷத்துக்குக் கொண்டாந்து நிறுத்தச் சொன்னீங்க சார். நிறுத்திட்டேன்.”

அவர் ஹேண்டில்பாரில் கை வைத்தார். நானும் வைத்தேன். அப்போது உள்ளேயிருந்து, பட்டுப்புடவையில், ஒரு பெண்ணின் தோளைப் பிடித்தபடி ஒரு வயதான அம்மா வந்தார். முதலாளியின் அத்தை, அந்தத் தாத்தாவின் மகள் என்று பிறகு தெரிந்தது. வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். எல் எழுத்தைக் கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்கு.

“சரியாத்தான் எழுதியிருக்கா! எங்கப்பா கடேசி வரைக்கும் இத ஒழுங்கா ஓட்டல. மிலிட்டரிக்காரன் ஏலம் வுட்டப்ப ஆசப்பட்டு எடுத்தாந்தாரு. கெணத்து மேட்டுல வுழுந்து கால ஒடச்சிக்கிட்டாரு. அதோட எங்கம்மா எங்க யாரையும் இதத் தொடவே வுடல.”

“அத்த, நீங்க உள்ள போங்க,” என்றார் முதலாளி.

“என்னாடா உள்ள போறது? பர்மாவ எங்கப்பா மேப்புலகூடப் பாத்ததில்ல.”

மேளம் வாசிக்கிறவர்கள் நிறுத்திவிட்டார்கள். முதலாளியின் கை ஹேண்டில்பாரிலிருந்து இறங்கியது. பந்தி முடிகிற வரை வண்டி அங்கேயே நின்றது. பிறகு கிக்கரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன். பிளக்ஸை அவர்கள் கழற்றவில்லை. அதற்கு அப்புறமும் நாள்கணக்கில் அது தொங்கியது. இன்றைக்கும் பர்மா கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாராம். சொல்லட்டும்.

லாரி வேலை இல்லாமல் கொஞ்ச காலம் கஷ்டமாகத்தான் இருந்தது. குரும்பலூர் பக்கம் பள்ளி வேன்கள் சில கிடைத்தன, சமாளித்துக்கொண்டோம். ஒரு நாள் பாடாலூரில் ரோட்டோர டீக்கடையில் அந்த வண்டியோடு நாங்கள் நின்றிருந்தபோது முதலாளியின் கார் வந்து ஓரம் கட்டியது. கண்ணாடியை இறக்கினார். என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துப் பேசினார்.

“அத்தைக்கு அதுல ஒரு தடவ உக்காந்து பாக்கணுமாம். பொழுதன்னிக்கும் கேட்டுக்கிட்டே இருக்குது. வூட்டுக்கு எடுத்தாந்து காட்டு.”

எங்கள் வீட்டில் அந்த வாசலுக்குப் போய் நின்ற தலைமுறைகள் போதும் என்று எனக்குத் தோன்றியது.

“அவங்களக் கடைக்கு வரச் சொல்லுங்க சார்,” என்றேன். “எப்ப வேணா வரலாம்.”

கண்ணாடி ஏறியது, கார் போய்விட்டது. வர மாட்டார்கள் என்றார் வீட்டுக்காரர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சந்துமுனையில் ஆட்டோ நின்றது. அந்த அம்மா இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டி மேல் உட்கார வைத்தோம். ஹேண்டில்பாரைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கியதும் குடிக்கத் தண்ணீர் கேட்டார். என் சொம்பில் கொடுத்தேன். வாய் வைத்தே குடித்தார். பிறகு இன்னொரு தடவை ஏறி உட்கார வேண்டும் என்றார்.